தோத்தாங்கோளி யன்னல்

நான் வேலை செய்யும் கம்பனியில் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒரு கூட்டம் எப்படியாவது வழுக்க வைக்கவேண்டும் என்று பாடுபடும். மற்றக் கூட்டம் எப்படியாவது வழுக்காமல் இருக்கவேண்டும் என்று பாடுபடும். இரண்டு கூட்டத்துக்கும் முதலாளி ஒருவர்தான். இதை முதன்முதலில் வீட்டில் விளங்கப்படுத்தியபோது என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி, உங்கட ஆக்களுக்கு முடிவா என்னதான் வேணுமாம் என்று கேட்டார். அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்குப் பல குளிர்காலம் எடுத்தது.

குளிர்காலத்துக்கான பூச்சுகள் செய்கிற சின்னக் கம்பனி. நோத்ர-டாம்-த-கிரேஸின் தெற்கு ஓரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து பார்த்தால் பிஸ்கற் தொழிற்சாலை என்று நினைக்கக்கூடிய செங்கல் கட்டடம். நான் வழுக்குகிற கூட்டம். எங்கள் பூச்சைக் கூரை விளிம்பிலும் கம்பிகளிலும் பூசினால் பனிக்கட்டி பிடிக்காமல் தானாகக் கழன்று விழவேண்டும். மற்றக் கூட்டம் வெளிப்படிக்கட்டுகளுக்கு மணல் கலந்த பூச்சுச் செய்கிறது. மொன்றியல் வீடுகளின் முகப்பில் வளைந்து ஏறுகிற இரும்புப் படிகளை உல்லாசப் பயணிகள் ஆசையாகப் படம் எடுப்பார்கள். ஜனவரியில் இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு அதில் ஏறுகிறவர்கள் படம் எடுப்பதில்லை.

அந்த மற்றக் கூட்டத்தில் ஒரு சென்னைக்காரர் வந்து சேர்ந்தார். முதல் வாரம் நான் மைக்ரோவேவுக்கு முன்னால் நிற்கும்போது பின்னாலிருந்து தமிழ் கேட்டது. மீன் குழம்பா அக்கா என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி, நெற்றி மேலே மேலே போய்க்கொண்டிருக்கிற தலை, கையில் தயிர்ச்சாதப் பெட்டி. பார்த்த மாத்திரத்தில் எனக்கு வயதை ஏற்றிவிட்டாரே என்ற கோபத்தில், ஓம் அண்ணை என்று பதிலுக்கு அவரை நான் மூத்தவராக்கினேன். அன்று தொடக்கம் நான் அவருக்கு அக்கா, அவர் எனக்கு அண்ணை. யார் உண்மையில் மூத்தவர் என்று இன்றுவரை இருவரும் கேட்கவில்லை. அவருடைய மனைவிக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், அவவிடம் கேட்டால் சிரிப்பா.

அவர்கள் வீடு லவாலில். எங்களுடையது செயின்ட்-மிஷேலில், இரண்டாம் மாடி. பின்னேரத்தில் இருவரும் ஒரே மெட்ரோவில் ஏறுவோம். ஆரஞ்சு வழி நகரத்தைச் சுற்றி வளைத்துப் போகும். பாதித் தூரத்துக்கு மேல் போனதும் நான் இறங்கி நீல வழிக்கு மாறவேண்டும், அவர் ஆற்றுக்குக் கீழால் லவால் போவார். அவ்வளவு நேரமும் கதைதான். சாம்பாருக்கும் எங்கள் பருப்புக்கறிக்கும் நடந்த வாதம் ஒரு வருடம் ஓடியது, இன்னும் முடியவில்லை. நான் "கதைக்கிறன்" என்று சொன்னால், என்ன கதை எழுதறீங்க என்று கேட்பார். அவர் "சூப்பர்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நான் கண்ணை உருட்டுவேன். இப்படிப்பட்ட ஒரு சகோதரன் எனக்கு வீட்டில் வாய்க்கவில்லை. வாய்த்த இரண்டு பேரும் கதைக்கவே மாட்டார்கள்.

இனி யன்னலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஆராய்ச்சிக் கூடத்துக்கு வெளியே, நடைபாதை முடிகிற இடத்தில் ஒரு பெரிய யன்னல். அதற்குக் கீழே கோப்பி இயந்திரம். பூச்சுப் பூசிப் பரிசோதித்துத் தோற்றுப்போன தகடுகளைக் கட்டடத்தின் மற்றப் பக்கத்திலுள்ள கழிவுப் பெட்டியில் கொண்டுபோய்ப் போடவேண்டும் என்பது ஒழுங்கு. அவ்வளவு தூரம் நடக்கப் பஞ்சிப்பட்டு யாரோ ஒருவர் எப்போதோ ஒரு தகட்டை அந்த யன்னல் விளிம்பில் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். அடுத்தவர் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது வழக்கமாகிவிட்டிருந்தது. தோற்ற தகடு எல்லாம் யன்னலுக்கு வரும். முதுகில் மஞ்சள் ஒட்டுநாடா ஒட்டி, எப்படித் தோற்றது என்று ஒரு வரி எழுதவேண்டும். எழுதாமல் வைத்தால் எங்கள் கியூபெக் சகபாடிகள் விடமாட்டார்கள். அவர்கள் அந்த இடத்தைச் சுடலை என்று பிரெஞ்சில் சொல்வார்கள். சென்னைக்காரர் வந்து அதற்குத் தோத்தாங்கோளி ஜன்னல் என்று பெயர் வைத்தார். விளையாட்டில் தோற்ற பிள்ளையை மற்றப் பிள்ளைகள் பழிக்கிற சொல்லாம். யாழ்ப்பாணத்தில் இல்லாத சொல், எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

கோப்பி இயந்திரம் பழசு. பால் நுரைக்க அதற்கு மனம் வரும்வரை நிற்கவேண்டும். நிற்கிற நேரம் சும்மா இருக்காத கைகள் தகடுகளை எடுக்கும். நகத்தால் சுரண்டும், வளைத்துப் பார்க்கும், மணந்தும் பார்க்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் செய்த பூச்சு மெல்லியதாகப் போய், கம்பியில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை என்று யன்னலுக்கு வந்தது. கோப்பிக்கு வந்த வேறொருவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, அட, இதுக்குள்ளால ஊரே தெரியுதே என்றார். இப்போது கமரா கண்ணாடிகளுக்குப் பூசவென்று நாங்கள் விற்பது அதுதான். அடுத்த வருடம் கம்பனி என்ன ஆராய்ச்சி செய்யும் என்பதை மேல்மாடிக் கூட்ட அறையில் தீர்மானிக்கிறோம் என்று மேல்மாடிக்காரர் நம்பினார்கள். பால் நுரைக்கிற நேரத்தில் பாதி தீர்மானமாகிவிடும் என்று கீழே இருந்த எங்களுக்குத் தெரியும். நாங்கள் அதை மேலே போய்ச் சொல்லவில்லை.

பிறகு புதிய ஆராய்ச்சிப் பணிப்பாளர் வந்தார்.

அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வந்த முதல் நாளே ஒவ்வொருவருடைய மேசைக்கும் தானாக நடந்துவந்து கைகொடுத்தவர். தன்னுடைய இளவயதில் ஒரு பெரிய கம்பனியில் தான் கண்டுபிடித்த ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தபோது தன் பெயரை விட்டுவிட்டார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. இங்கே யாருக்கும் அப்படி நடக்கக்கூடாது என்றார். அதற்காக வரவேற்பறைச் சுவரில் பித்தளைத் தகடுகள் மாட்டப்போவதாகவும், ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் அதைச் செய்தவரின் பெயரும் படமும் அதில் வரும் என்றும் சொன்னார். எது யாருடைய யோசனை என்று பின்னால் இழுபறி வரக்கூடாது அல்லவா, ஆகவே காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்வரை ஒரு கூட்டத்தின் வேலையை மற்றக் கூட்டம் பார்க்கவோ கேட்கவோ வேண்டாம் என்றார். எல்லோரும் கையெழுத்து வைத்தோம். நல்ல மனிதர், நல்ல எண்ணம். யன்னலைத் துடைத்துச் சுத்தமாக்கி ஒரு மணிபிளான்ட் வாங்கி வைத்தார்கள்.

யன்னல் விளிம்பு வடக்குப் பக்கம். அந்தச் செடி பட்ட பாட்டைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

தோற்ற தகடுகள் இப்போது அலுமாரிகளுக்குள் போயின. கோப்பி இயந்திரத்துக்கு முன்னால் நிற்பவர்கள் ஃபோனைப் பார்த்தார்கள். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை, முகம் திருப்பவில்லை. என்ன செய்கிறாய் என்று கேட்காமல் விட்டோம், அவ்வளவுதான். நாங்கள் தமிழர் இருவரும் இந்த விசயத்தில் மற்றவர்களைவிட மோசம். கையெழுத்து வைத்துவிட்டோம் என்றால் எங்களுக்கு அது கையெழுத்துத்தான். கியூபெக் ஆட்கள் புகைபிடிக்க வெளியே போகும்போது ஏதோ முணுமுணுத்துக்கொள்வது தெரியும். நானும் அண்ணையும் மெட்ரோவில் தோளோடு தோள் உட்கார்ந்து, உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிக் கதைத்தோம், வேலையைத் தவிர.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் அவருடைய கதை குறைந்தது. ஒரு பின்னேரம் சாம்பார் என்று நான் வம்புக்கு இழுத்தும் அவர் வரவில்லை. சுரங்க இருட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், மெதுவாகச் சொன்னார்.

"ஸ்பிரிங்ல எங்க ப்ராஜெக்ட்ட மூடிடுவாங்க போல இருக்கு அக்கா. மூடிட்டா என் பெர்மிட்டும் போயிடும். நாங்க கிளம்ப வேண்டியதுதான்."

அவருடைய வேலை அனுமதி எங்கள் கம்பனியோடு கட்டப்பட்டது. படிக்கட்டுப் பூச்சுக்காகவே அவரை எடுத்தார்கள், அந்தப் பூச்சு இல்லாவிட்டால் அவரும் இல்லை. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க இன்னும் கொஞ்சக் காலம் வேலை செய்திருக்கவேண்டும். மகள் கார்டெரிக்கு, அதுதான் இங்கத்தைய குழந்தைகள் காப்பகத்துக்கு, போகிறாள். வந்தபோது பேச்சே வராத குழந்தை, இப்போது பிரெஞ்சில் தகப்பனைத் திருத்துகிறாள். பனி பெய்கிறது என்பதற்கு அவளுக்குத் தமிழில் சொல் தெரியாது, பிரெஞ்சில்தான் கத்திக்கொண்டு யன்னலுக்கு ஓடுவாளாம். திரும்பிப் போனால் எதைப் பார்க்க யன்னலுக்கு ஓடுவாள் என்று கேட்டுவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரை இழக்க நான் தயாரில்லை, அது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது.

பூச்சில் என்ன பிழை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்ததை நான் பார்த்தேன். நான் இறங்கும் நிலையம் வந்தது, போயிட்டு வாறன் அண்ணை என்று எழும்பிவிட்டேன். இரண்டு பேருக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிறு தேவாலயத்தில், தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதருக்கு முன்னால் அவருக்காக மெழுகுதிரி கொளுத்தினேன். அதற்கடுத்த ஞாயிறும் கொளுத்தினேன். அவருடைய மனைவி தங்கள் பக்கத்துக் கோவிலில் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தா. இரண்டு சமயத்தையும் துணைக்குக் கூப்பிட்டோம். பக்கத்து இருக்கையில் இருக்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்க மட்டும் எங்களால் முடியவில்லை.

இதே காலத்தில் என்னுடைய வேலையும் ஒன்று தோற்றது. சாதாரணமாகத் தோற்கவில்லை, தலைகீழாகத் தோற்றது. கடும் குளிரிலும் விறைக்காமல் ரப்பர்போல நெகிழ்ந்து கொடுக்கிற ஒரு பூச்சைச் செய்து பார்த்தேன். பூச்சு நெகிழ்ந்தால் பனிக்கட்டி பிடிமானம் இல்லாமல் கழன்றுவிடும் என்பது என் கணக்கு. குளிர் அறையிலிருந்து எடுத்தபோது நெகிழ்ந்துதான் இருந்தது. ஆனால் பனிக்கட்டியை விடவே மாட்டேன் என்றது. முதல் நாள் கார்டெரி வாசலில் பிள்ளை தாயின் கோட்டைப் பிடிக்குமே, அப்படி. சுத்தியலால் அடித்தும் பார்த்தேன். எங்கள் கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் துடைத்தார்கள். பழைய காலமாக இருந்தால் அது யன்னலுக்குப் போயிருக்கும், முதுகில் "விடமாட்டேன் என்கிறது" என்று எழுதியிருப்பேன். இப்போது அலுமாரி. அலுமாரியும் நிறைந்துபோனதால், கழிவுப் பெட்டிக்கு நடக்க எனக்கும் பஞ்சியாக இருந்ததால், பெரிய தகடு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேக்கிங் தட்டு அளவில் நல்ல உறுதியான தகடு, எறிய மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் வாளியைக்கூட யாரும் எறிந்ததில்லை.

என் கணவர் அதைப் பார்த்தார். வெளிப்படி ஏறி வந்ததும் எங்கள் கதவுக்கு முன்னால் ஒரு மரத் தளம் இருக்கிறது, சின்ன பல்கனி மாதிரி. சப்பாத்து மண்ணோடு எல்லோரும் உள்ளே வருவது அவருக்கு நெடுநாள் ஆத்திரம். ஒட்டுகிற சாமான்தானே, மண்ணை இதில ஒட்டிப்போட்டு வரட்டும் என்று தகட்டை அந்தத் தளத்தில் நாலு மூலையிலும் ஆணி திருகிப் பூட்டிவிட்டார். நன்றாகத்தான் வேலை செய்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மூன்று மாத ஆராய்ச்சி கடைசியில் கால்மிதியாகவாவது உதவியதே.

புதுவருடம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் குடும்பத்தோடு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். போகப் போகிறவர்களுக்குச் சமைப்பது போலச் சமைக்கிறாய் என்று கணவர் சொன்னபோது அவரோடு எரிந்து விழுந்தேன். ஆட்டிறைச்சிக் கறி, புட்டு, சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி. சொதியை அண்ணை எப்போதும் மஞ்சள் தண்ணி என்றுதான் சொல்வார், ஆனால் மூன்று தரம் விட்டுச் சாப்பிடுவார்.

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். அவர் முன்னால் ஏறி வந்தார், பின்னால் மனைவி ஒரு கையில் மகளும் மற்றக் கையில் தயிர்ச்சாதப் பாத்திரமுமாக. தளத்துக்கு வந்ததும் அவர் வழக்கம்போலக் காலைத் தட்டினார். பிறகு கீழே பார்த்தார். பிறகு குந்திவிட்டார்.

நகரசபை நடைபாதையில் கொட்டுகிற சின்னச் சரளைக்கல் எல்லார் சப்பாத்திலும் ஒட்டி வரும், தெரியும்தானே. இரண்டு மாதமாக எங்கள் வீட்டுக்கு ஏறி வந்த சப்பாத்துகளின் சரளை எல்லாம் அந்தத் தகட்டில் பதிந்து கிடந்தது. அதன் மேலே கணவர் தினமும் மண்வெட்டியால் பனி வழித்தவர். ஒரு கல்லும் போகவில்லை. அண்ணை கையுறையைக் கழற்றி விரலால் தடவினார். சாவிக்கொத்தை எடுத்து வீட்டுத் திறப்பால் ஒரு கல்லை நெம்பினார். கல் அசைந்து கொடுத்துவிட்டு மறுபடி தன் இடத்திலேயே இருந்தது.

"அண்ணை, என்ன செய்யிறியள், உள்ளுக்கு வாங்கோ. பிள்ளைக்குக் குளிருது."

அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. கீழ்ப்படியில் நின்ற மனைவிக்கு வழி இல்லை, அவர் குறுக்கே குந்தியிருந்தார். இவரு இப்படித்தான் அக்கா, நீங்க பாத்திரத்தையாவது வாங்கிக்கங்க என்று அவருடைய தலைக்கு மேலால் தயிர்ச்சாதத்தை என்னிடம் நீட்டினா. பிறகு மகளையும் அப்படியே தூக்கித் தந்தா. பிள்ளை உற்சாகமாக வந்துசேர்ந்தாள்.

"இது என்னது அக்கா?" என்று அவர் நிமிராமலே கேட்டார்.

"அது தோத்தது," என்றேன்.

"எப்படித் தோத்தது?"

அந்தக் கேள்விக்காகவே அவ்வளவு காலமும் காத்திருந்தவள் போல என் வாய் திறந்துகொண்டது. கையெழுத்து வைத்த தாள் ஒரு கணம் நினைவில் வந்துதான் போனது. ஆனால் என் வீட்டு வாசலில், என் கையில் அவருடைய பிள்ளை. கடும் குளிரிலும் விறைக்காது, வெடிக்காது, பிடித்ததை விடாது, அதனால்தான் தோற்றது என்று முழுவதையும் சொன்னேன். அவர் முழங்காலில் இருந்தபடி என்னை அண்ணாந்து பார்த்தார். எங்களோடது எல்லாம் குளிர்ல விறைச்சு வெடிச்சுடும் அக்கா, ஒரு தரம் மண்வெட்டி போட்டா மணல் பூரா கையோட வந்துடும், தகடு வழுக்கையாயிடும் என்றார். சொல்லும்போது தன்னையறியாமல் தலையைத் தடவிக்கொண்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார், நெடுநேரம் துடைத்தார். மனைவி இன்னும் கீழ்ப்படியிலேயே நின்றா. அவவுக்கு ரசாயனம் தெரியாது, ஆனால் புருசனின் முதுகைப் பார்த்தே எதுவோ நடந்துவிட்டது என்று விளங்கியிருக்கிறது.

சாப்பாடு ஆறிப்போனது. யாரும் கவலைப்படவில்லை.

அடுத்த நாள் காலை இருவரும் பணிப்பாளரிடம் போனோம். முந்திய இரவே கணவர் முணுமுணுத்துக்கொண்டு தகட்டைக் கழற்றித் தந்திருந்தார், பழைய துவாயில் சுற்றி மெட்ரோவில் கொண்டுபோனேன். ஒழுங்கை மீறினோம் என்றும் கம்பனித் தகட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்றும் முதலில் நானே சொன்னேன். அவர் துவாயை விரித்துப் பார்த்தார். சரளையைத் தடவினார். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. குளிர் அறையில் வையுங்கள் என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுவதும் எங்கள் இரண்டு கூட்டமும் குளிர் அறை வாசலில்தான் நின்றது. என் பூச்சில் அவர்களுடைய மணலைப் பதித்துச் செய்த தகட்டை இயந்திர மண்வெட்டி விடாமல் வழித்தது. ஒரு மணல் மணியும் போகவில்லை.

அதற்குப் பிறகு காப்புரிமை முகவர் வந்தா. நிதானமான, கெட்டிக்காரப் பெண். எங்களைப் பணிப்பாளரின் அறையில் அவருக்கு முன்னாலேயே உட்காரவைத்து, இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டா. அக்காதான் என்றார் இவர். பூச்சு முழுக்க அவங்களோடது, நான் சாவியால சுரண்டினேன், அவ்வளவுதான் என்றார். நான் சும்மா இருப்பேனா, அது என்னிடம் இருந்தவரை கால்மிதி என்றேன், அதைப் படிக்கட்டாகப் பார்த்தவர் அண்ணைதான் என்றேன். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் தொடங்கி, சூடு ஏற ஏறத் தமிழுக்கு வந்துவிட்டோம். முகவர் பேனாவை மூடி வைத்துவிட்டா. பொதுவாக எல்லோரும் தங்கள் பெயரைச் சேர்க்கத்தான் சண்டை பிடிப்பார்கள் என்று பணிப்பாளரைப் பார்த்துச் சொன்னா.

பணிப்பாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் பெயரை விட்டுவிட்டார்கள் என்று அன்று சொன்னபோது இருந்த முகம் எனக்கு நினைவு வந்தது. இப்போது அந்த முகம் இல்லை. எழும்பி வெளியே போனார். கண்ணாடிக் கதவால் எங்களுக்குத் தெரிந்தது. நடைபாதை முடிவுக்குப் போய், இலை உதிர்ந்த மணிபிளான்டைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து தன்னுடைய மேசையில், வெயில் படுகிற பக்கம் வைத்தார். பிறகு என் தகட்டைத் துவாயோடு எடுத்துக்கொண்டு மறுபடி யன்னலடிக்குப் போனார்.

காப்புரிமையில் இரண்டு பெயரும் போயிற்று. சட்டப்படி அதுதான் சரி என்று முகவர் சொன்னா. திருகிப் பூட்டினது நான்தானே, என்ர பேர் எங்க என்று கணவர் இன்றைக்கும் வழக்குப் பேசுகிறார். படிக்கட்டுத் திட்டத்தை மூடவில்லை. யன்னல் ஒரு மாதத்துக்குள் பழையபடி நிறைந்து, கோப்பிக் கோப்பை வைக்கவே இடமில்லாமல் போனது. பணிப்பாளரும் வந்து நிற்பார், தகடுகளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். சுவரில் பித்தளைத் தகடு வந்தது, அதில் அண்ணை நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் தலையைச் சாய்த்து எடுத்த படம் இருக்கிறது.

ஆனால் அனுமதி புதுப்பிக்கும் பத்திரம் வரச் சுணங்கியது. வசந்தம் வந்தது, பனி உருகிச் சரளை மட்டும் தெருவில் மிஞ்சியது, பத்திரம் வரவில்லை. மெட்ரோவில் அவர் ஒவ்வொரு பின்னேரமும் ஃபோனைத் திறந்து பார்ப்பார், மூடுவார். நான் கேட்கமாட்டேன், முகத்திலேயே தெரியும். மெழுகுதிரியை நான் விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

மே மாதத்தில் ஒரு பின்னேரம் அவர் ஃபோனை எடுக்கவில்லை. உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, அதன் பட்டியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சாம்பாரைப் பற்றி ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன்.

"வந்துடுச்சு அக்கா," என்றார். "மத்தியானமே வந்துடுச்சு. வீட்டுக்கு ஃபோன் பண்ணிட்டேன், அவ அழுதா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எதிரில் இருந்த கிழவர் எங்களைக் கணவன் மனைவி என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும். பிறகு அவர் கையை எடுத்து, பையைத் திறந்து, ஒரு சின்னத் தகட்டை வெளியே எடுத்தார். மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது, ஒன்றும் எழுதவில்லை.

"இன்னிக்கு இன்னொன்னு தோத்துப்போச்சு அக்கா. எப்படின்னு சொல்லட்டுமா?"

நான் இறங்கவேண்டிய நிலையம் வந்தது. கதவு திறந்தது. அவர் தகட்டை என் பக்கம் திருப்பி, ஒரு மூலையில் விரலை வைத்துச் சொல்லத் தொடங்கியிருந்தார், எந்த நிலையம் என்று அவர் கவனிக்கவில்லை. கதவு மூடியது.

"சொல்லுங்கோ அண்ணை," என்றேன்.

லவால் வரைக்கும் சொன்னார்.